கிதார் காணாமல்போன பாட்டு

ரம்யாவுக்கு இடது காது கேட்காது. ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் இரண்டும் புடைத்துக் கிடந்தவள், பத்து நாளில் எழுந்து ஓடியாடத் தொடங்கினாள். ஆனால் அந்தப் பக்கம் மட்டும் அடங்கிப் போயிருந்தது. முதலில் யாருக்கும் தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, திமிர் பிடித்த பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் பெயர் வாங்கினாள். அம்மா பாஞ்சாலைதான் ஒருநாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்தாள். இடப்பக்கமிருந்து மூன்று முறை கூப்பிட்டும் மகள் அசையவில்லை. முறத்தை வைத்துவிட்டு வலப்பக்கம் போய் முணுமுணுத்தாள். மகள் உடனே திரும்பினாள். வேலூர் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார்கள். நரம்பு செத்துவிட்டது, இனி வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதற்கப்புறம் இருபது வருடமும் ரம்யா அதை வெளியே காட்டிக்கொள்ளாமலே ஓட்டினாள். பஸ்ஸில் இடது ஜன்னலோரம்தான் உட்காருவாள், பேசுகிறவர்கள் எல்லாம் வலப்பக்கம் வந்துவிடுவார்கள். கூட நடக்கிறவர்களுக்கு இடப்பக்கமாகப் போய்ச் சேர்ந்துகொள்வாள். கல்லூரித் தோழிகள் மூன்று வருடம் கூடவே இருந்தும் கண்டுபிடிக்கவில்லை.

அப்படிப்பட்டவள் போயும் போயும் பாட்டு வேலையில் போய்ச் சேர்ந்தாள்.

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் மாடியில் ஆகிப் பாய் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தார். வாணியம்பாடிக்காரர், நாற்பது வயது, வாய் ஓயாமல் பேசுகிறவர். டிகிரி முடித்த கையோடு ரம்யா அங்கே எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்தாள். மலையில் தன் ஊரான அத்திக்கொல்லையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்து தார்ரோட்டுக்கு வந்தால் காலை ஏழேகாலுக்கு ஒரு பஸ். சாயங்காலம் ஐந்தரைக்கு அதே பஸ் திரும்பும். நடுவே இருக்கிற நேரமெல்லாம் ஸ்டுடியோதான். மாப்பிள்ளை ஊர்வல வீடியோவில் ஜெனரேட்டர் இரைச்சலை எடுப்பது, மைக் சரியில்லாமல் பதிவான வாழ்த்துப் பேச்சைத் தெளிவாக்குவது எல்லாம் அவள் தலையில் விழுந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவளே கற்றுக்கொண்டாள். ஆறு மாதத்தில் ஆகிப், "ரம்யா, சவுண்டுன்னா இனிமே நான் வாயே தொறக்கமாட்டேன். நீயே பாத்துக்கோ" என்று கையை விரித்துவிட்டார்.

கல்யாண சீசன் இல்லாத மாதங்களில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இணையத்தில் வேலை தேடினாள். வெளிநாட்டுப் பாட்டுக் குழுக்கள் தங்கள் டிரம்ஸ் பதிவை அனுப்புவார்கள். அடி கொஞ்சம் முந்தியோ பிந்தியோ விழுந்திருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நகர்த்திச் சரிசெய்து அனுப்ப வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. ரம்யாவிடம் அது நிறைய இருந்தது. தன் விவரக்குறிப்பில் ஊர், படிப்பு, அனுபவம் எல்லாம் எழுதினாள். காதைப் பற்றி எழுதவில்லை.

ஆகஸ்டு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இங்கிலாந்தின் ஹல் என்ற துறைமுக ஊரிலிருந்து அப்படி ஒரு வேலை வந்தது. லோ ஃபெரீஸ் என்ற ராக் குழு. நான்கு பேர். ஓரளவு பெயர் தெரிந்தவர்கள், ஆனால் பெரிதாக ஒரு பாட்டும் ஓடியதில்லை. புதிய பாட்டின் பெயர் 'கீப் த லேடர் ஸ்டில்'. ஏணியை ஆடாமல் பிடித்துக்கொள் என்று அர்த்தம். டிரம்ஸ் வாசிக்கும் ஹேசல் என்ற பெண்தான் அனுப்பியிருந்தாள். டிரம்ஸைச் சரிசெய்ய உதவியாக இருக்கட்டும் என்று, முழுப் பாட்டையும் தோராயமாகச் சேர்த்த ஒரு பதிவையும் கூட வைத்திருந்தாள்.

ரம்யா அதை ஓடவிட்டாள். பாட்டு அவளைச் சட்டென்று பிடித்துக்கொண்டது. ஒருவன் மழையில் கூரைமேல் ஏறி நின்று, கீழே இருக்கிறவளிடம் ஏணியைப் பிடித்துக்கொள் என்று கேட்கிறான். அவள் பிடித்திருக்கிறாளா, போய்விட்டாளா என்று மேலேயிருந்து பார்த்தால் தெரியவில்லை. அவ்வளவுதான் கதை. குரல் மெதுவாக ஏறிக்கொண்டே வந்து கோரஸ், அதாவது பல்லவி, தொடங்கும் இடத்தில் வெடிக்க வேண்டும். அந்த இடம் வந்தது. வெடிக்கவில்லை. யாரோ பின்னாலிருந்து தரையை உருவிக்கொண்டதுபோல கிதார்கள் இரண்டும் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டன. குரலும் டிரம்ஸும் மட்டும் மிதந்தன.

திரும்ப ஓட்டினாள். அப்போதும் அதே கதைதான்.

அவளுக்குக் காரணம் புரிய நேரம் பிடிக்கவில்லை. ஹெட்போனில் வலம் இடம் என்று இரண்டு பக்கம் வரும் சத்தத்தை அவள் எப்போதும் ஒன்றாகச் சேர்த்து வலது காதுக்கே அனுப்பிக் கேட்பாள். வேறு வழியில்லை. இந்தப் பாட்டில் ஒரு கிதார் இடப்பக்கம், ஒரு கிதார் வலப்பக்கம். பதிவு செய்ததில் எங்கோ ஒரு கோளாறு. ஒன்று முன்னே தள்ளும் அதே கணத்தில் மற்றது பின்னே இழுத்தது. இரண்டு காதிலும் தனித்தனியாகக் கேட்கிறவருக்கு இரண்டும் பிரமாதமாக இருக்கும். ஒன்றாகச் சேர்த்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

"பாய், ஒரு நிமிஷம் இத கேளுங்க" என்றாள். முதலில் ஹெட்போனில் கேட்கச் சொன்னாள்.

"சூப்பரா கீதே" என்றார் ஆகிப்.

பிறகு அதையே தன் ஃபோனில் ஓட்டினாள். அது ஒரே ஒரு ஸ்பீக்கர் உள்ள சின்ன ஃபோன்.

ஆகிப் குனிந்து காதை வைத்துக் கேட்டார். "இன்னாது, கிதார் எங்க போச்சு?"

"அதான் பாய். உலகத்துல பாதிப் பேரு ஃபோன்ல தான கேப்பாங்க. அவங்க யாருக்கும் கிதாரே கேக்காது."

"சரி. நமக்கு குடுத்தது டிரம்ஸ் வேல. டிரம்ஸ முடிச்சி அனுப்பிட்டு கம்முனு இரு. பெரிய ஆளுங்க, அவங்களுக்குத் தெரியாததா?"

ரம்யா டிரம்ஸை முடித்தாள். அனுப்புவதற்குமுன் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கடைசியில் இரண்டு வரி சேர்த்தாள். நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்வதற்கு மன்னியுங்கள். இந்தப் பாட்டை ஒரு சின்ன ஃபோனில் போட்டுக் கேளுங்கள், கோரஸில் உங்கள் கிதார்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அனுப்பிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மறுநாள் காலை பஸ் மலையிறங்கி சிக்னல் கிடைத்ததும் ஃபோன் விடாமல் அதிர்ந்தது. ஹேசலிடமிருந்து ஏழு செய்திகள். முதல் செய்தியில் வெறும் கெட்ட வார்த்தை. இரண்டாவதில் மன்னிப்பு. எட்டு மாதம் இந்தப் பாட்டோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். காரில் போட்டால் நன்றாக இருக்கிறது, நண்பர்கள் ஃபோனில் கேட்டால் முகம் வாடிவிடுகிறது, ஏன் என்று தெரியாமல் மூன்று முறை வரிகளை மாற்றியிருக்கிறார்கள். கடைசிச் செய்தி இதுதான்: நீயாக இருந்தால் என்ன செய்வாய்? எல்லாவற்றையும் அனுப்புகிறேன், செய்து காட்டு.

அதாவது மிக்ஸிங். தனித்தனியாகப் பதிவான குரல், கிதார், டிரம்ஸ், பியானோ எல்லாவற்றையும் எது முன்னே, எது பின்னே, எது எவ்வளவு என்று தீர்மானித்து ஒரே பாட்டாக்குவது. ரம்யா அதுவரை அதைக் கல்யாணப் பாட்டுக்குக்கூட முழுதாகச் செய்ததில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே 'செய்கிறேன்' என்று பதில் அடித்தாள். 

தொண்ணூறுக்கும் மேற்பட்ட பதிவுகள். ஸ்டுடியோவில் இறக்கி முடிக்கவே ஒன்றரை நாள் ஆனது. அதுவரை ஆகிப் தன் வீட்டு வேலை, கல்யாண வேலை எதற்கும் இணைய இணைப்பைத் தொடவில்லை. முதலில் கிதாரைச் சரிசெய்தாள். ஒரு கிதாரின் ஒலியலையைத் தலைகீழாகத் திருப்பியதும் இரண்டும் சேர்ந்து முழங்கின. வேலை முடிந்தது என்று நினைத்தாள். ஆனால் கேட்கக் கேட்க அவளுக்கு ஒன்று உறுத்தியது. அந்தச் செவ்வாய்க்கிழமை, தரை காணாமல்போன அந்த நொடியில், அவளுக்கு விழுந்துவிடுவோமோ என்று தோன்றியதே, அது இப்போது இல்லை. கூரைமேல் நிற்கிறவனின் பயம் கிதார் இல்லாதபோதுதான் கேட்டது.

எனவே துணிந்து எடுத்தே விட்டாள். முதல் கோரஸில் கிதாரே இல்லை. இரண்டாவதிலும் இல்லை. குரலும் டிரம்ஸும் மட்டும். மூன்றாவது கோரஸில், பாட்டு முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, இரண்டு கிதாரையும் ஒரே இடத்தில், நட்ட நடுவில் கொண்டுவந்து இறக்கினாள். முதல் முறை அது வந்து விழுந்தபோது அவளே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் போட்டுக் காட்டினாள். பாஞ்சாலை வாசலில் உட்கார்ந்து புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பாஷை புரியவில்லை.

"இன்னா சொல்றான்?"

"ஏணிய ஆடாம புடிச்சிக்கோன்னு சொல்றாம்மா. மேல நிக்கிறவன் கீழ இருக்கிறவள கேக்குறான்."

"புடிச்சிக்கினாளா?"

"தெரியலயாம்."

பாஞ்சாலை கொட்டையை விட்டுவிட்டு முழுதும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "நல்லாதான் கீது. ஆனா அந்த ஆளு மூச்சே வுடமாட்டானா? ஏணி மேல ஏறி நின்னுக்கினு இவ்ளோ கத்துறான், மூச்சு வாங்காதா?"

ரம்யாவுக்குப் பொறி தட்டியது. குரலைச் சுத்தம் செய்கிறேன் என்று வரிகளுக்கு நடுவே இருந்த மூச்சுச் சத்தத்தையெல்லாம் அவள்தான் வெட்டி எறிந்திருந்தாள். இந்த வேலை செய்கிறவர்கள் பலரும் அப்படித்தான் செய்வார்கள். மறுநாள் போனதும் முதல் காரியமாக, கோரஸுக்குமுன் பாடகன் இழுக்கும் அந்தப் பெரிய மூச்சைத் தேடியெடுத்துத் திரும்ப வைத்தாள். வைத்ததோடு நிற்காமல் சத்தத்தையும் கூட்டினாள். இப்போது ஒரு ஆள் பக்கத்தில் நின்று மூச்சிழுப்பது போலிருந்தது. அனுப்பிவிட்டாள்.

பதினோரு நாள் பதில் இல்லை.

அந்தப் பதினோரு நாளில் ரம்யா இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து வீடியோ முடித்தாள். ஒவ்வொரு காலையும் பஸ் இறங்கும்போது ஃபோனைப் பார்த்துவிட்டுப் பையில் போட்டாள். "பிடிக்கலன்னா சொல்லிட்டுப் போலாம்ல" என்று ஆகிப்பிடம் மட்டும் ஒருமுறை சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் ஹேசலின் பதில் வந்தது. குழுவின் பாட்டை வெளியிடும் கம்பெனி தனியாக லண்டனில் பேர்போன இரண்டு மிக்ஸிங்காரர்களிடமும் இதே பாட்டைக் கொடுத்திருந்ததாம். மூன்று பதிவையும் பெயர் போடாமல் ஒரு அறையில் ஓட்டியிருக்கிறார்கள். பதினாலு பேர் கேட்டார்கள். பதினொரு பேர் மூன்றாவதைச் சொன்னார்கள். மூன்றாவது உன்னுடையது. வெள்ளிக்கிழமை வீடியோ காலில் எல்லாரும் பேச வேண்டும்.

ரம்யா அந்தச் செய்தியை மூன்று முறை படித்தாள். பிறகு ஆகிப்பிடம் ஃபோனை நீட்டினாள். ஆகிப் படித்துவிட்டு, மாடியிலிருந்து கீழே எட்டிப் பார்த்து டீக்கடைக்காரரிடம் எல்லாருக்கும் டீ சொன்னார். எல்லாரும் என்றால் யார் என்று அவர் கேட்டதற்கு, "ரோட்ல போறவங்க எல்லாருக்கும்" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அழைப்பு வந்தது. திரையில் ஆறு முகங்கள், குழுவினர் நால்வரும் இன்னும் இருவரும். ஹேசல் குட்டை முடி, தோளில் பச்சை குத்தியவள். கிளைவ் என்ற மேலாளர் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். பாராட்டெல்லாம் முடிந்த பிறகு அவர் சொன்னார்: ஒரே ஒரு சின்ன விஷயம், பியானோவை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினால் நன்றாக இருக்குமா? உங்கள் காதுக்கு எப்படிப் படுகிறது?

 சரி என்று சொல்லிவிட்டுத் தோராயமாகத் தள்ளியிருக்கலாம். இருபது வருடமாக அப்படித்தான் சமாளித்திருக்கிறாள். ஆனால் இந்தப் பாட்டில் அவள் எதையும் தோராயமாகச் செய்யவில்லை, இனியும் செய்ய மனம் வரவில்லை.

"தள்ளலாம்" என்றாள் ஆங்கிலத்தில். "ஆனால் நன்றாக இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியாது. எனக்கு இடது காது கேட்காது. நான் செய்ததெல்லாம் ஒரு காதில் கேட்டுச் செய்ததுதான். இடம் எது வலம் எது என்று எனக்குத் தெரியாது."

  ரம்யா கதவோரம் நின்ற ஆகிப்பின் முகத்தைப் பார்த்தாள். ஐந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தும் அவருக்கும் அது புதுச் செய்தி. அப்போது ஹேசல் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டுச் சொன்னாள்: "எட்டு மாதம். ஆறு பேர். பன்னிரண்டு காது. ஒன்றுகூட அதைக் கேட்கவில்லை. பியானோ இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், கிளைவ்."

கிளைவ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். பாட்டில் ரம்யாவின் பெயர் மிக்ஸிங் செய்தவராகப் போகும். இந்தக் காது விஷயத்தை வெளியே சொல்லலாமா என்று மட்டும் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

வீட்டில் கேட்டபோது பாஞ்சாலை அடுப்பிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "கேக்கலன்னா கேக்கல. அதுல மறைக்க இன்னா கீது? இத்தினி வருசமா நீதான் மறச்ச. நானா மறைக்கச் சொன்னேன்?"

அப்பா வேடியப்பன், "பாட்டு எப்ப வருது?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் ரம்யா, தாராளமாகச் சொல்லலாம் என்று கிளைவுக்கு எழுதினாள்.

அக்டோபர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை பாட்டு வெளியாவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் இங்கிலாந்து ரேடியோ ஒன்றின் காலை நிகழ்ச்சியில் முதன்முதலாக ஓட்டப் போகிறார்கள், ஹேசல் நேரில் போய்ப் பேசுவாள். நம் நேரத்துக்குப் பகல் ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது. ஸ்டுடியோவில் பெரிய ஸ்பீக்கரில் கேட்பதாக ஆகிப்போடு ஏற்பாடு. ஆனால் புதன்கிழமை பிடித்த மழை விடவேயில்லை. வியாழக்கிழமை காலை மூன்றாவது வளைவில் மரம் சாய்ந்து பஸ் மேலே ஏறவில்லை. ஊரில் கரண்டும் இல்லை. ரம்யாவின் ஃபோனில் பதினான்கு சதவீதம் சார்ஜ் மிச்சம். அத்திக்கொல்லையில் வீட்டுக்குள் சிக்னல் என்ற பேச்சே கிடையாது.

பதினொன்றரைக்கு மழை தூறலானது. ரம்யா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தாள். வேடியப்பன் தன் எக்ஸெல் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"ஏறு. தண்ணி டேங்க் மேட்டுல நாலு கோடு வரும்."

"சேறா கெடக்குமே அப்பா."

"ஏறுன்றேன்ல."

வண்டி பாதி வழியில் சேற்றில் இறங்கி நின்றது. இறங்கித் தள்ளினாள். பாவாடைவரை சேறு. மேட்டுக்குக் கீழே தூறலானதும் சாமை அறுக்க வந்த பெண்கள் மறுபடி மழைக்கு ஒதுங்கி டேங்க் அடியில்தான் நின்றிருந்தார்கள். பாஞ்சாலையும் அங்கேதான் இருந்தாள். அவர்களோடு நின்ற சித்தி மங்கம்மாள், "இன்னா, அப்பனும் பொண்ணும் சேத்துல குளிச்சிட்டு வர்றீங்க?" என்று கேட்டாள்.

"ரம்யா செஞ்ச பாட்டு ரேடியோல வருது" என்றார் வேடியப்பன்.

"எந்த ஊரு ரேடியோ?"

"இங்கிலாந்து."

மங்கம்மாள் அரிவாளைக் கூடையில் போட்டுவிட்டு வந்து நின்றுகொண்டாள். மற்றவர்களும் வந்தார்கள். எட்டுப் பேர் நனைந்த சாக்கைத் தலையில் போட்டபடி ஒரு ஃபோனைச் சுற்றி நின்றார்கள். ரம்யா ரேடியோவைப் பிடித்தாள். ஏழு சதவீதம். யாரோ வேகவேகமாகப் பேசினார்கள், போக்குவரத்துச் செய்தி வந்தது, விளம்பரம் வந்தது. பிறகு ஹேசலின் குரல்.

"அவதான்" என்றாள் ரம்யா. 

எட்டு மாதக் கதையையும் ஹேசல் சொன்னாள். ஃபோனில் காணாமல்போன கிதாரைப் பற்றிச் சொன்னாள். தென்னிந்தியாவில் ஒரு மலையில் இருந்துகொண்டு ஒரே ஒரு காதால் அதைக் கேட்டுச் சொன்ன பெண்ணைப் பற்றிச் சொன்னாள். அவள் பெயர் ரம்யா வெடியப்பன் என்றாள்.

"வெடியா?" என்றார் வேடியப்பன். பெண்கள் சிரித்தார்கள். ரம்யா கையைத் தூக்கி அமர்த்தினாள். பாட்டு தொடங்கிவிட்டது.

குரல் ஏறியது. பெரிய மூச்சு வந்தது. பாஞ்சாலை, "இது என்து" என்று மங்கம்மாளிடம் மெதுவாகச் சொன்னாள். முதல் கோரஸ். அந்தச் சின்ன ஃபோனின் ஒற்றை ஸ்பீக்கரில் குரலும் டிரம்ஸும் கல்லில் செதுக்கியதுபோல நின்றன. அப்போது சத்தம் விட்டுவிட்டு வந்தது, பிறகு நின்றேவிட்டது. திரையில் வட்டம் சுற்றியது.

 ரம்யா ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள், திரும்பினாள், டேங்கின் இரும்பு ஏணியில் நான்கு படி ஏறினாள். வேடியப்பன் ஓடிவந்து கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். மழைச் சாரல் கண்ணில் அடித்தது. வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது. இன்னும் இரண்டு படி. சட்டென்று சத்தம் திரும்பியது. இரண்டாவது கோரஸ் முடிந்து, எல்லாம் அடங்கி, ஒரு நொடி ஒன்றுமே இல்லாமல், பிறகு இரண்டு கிதாரும் சேர்ந்து இறங்கின.

மங்கம்மாள் தன்னையறியாமல் கையைத் தட்டினாள். ரம்யா மேலேயே நின்று, தான் செய்த அந்தக் கடைசி ஒரு நிமிடத்தை முழுதாகக் கேட்டாள். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசத் தொடங்குமுன் ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கம் அவளுக்குப் பாராட்டைவிடப் பெரிதாகப் பட்டது. ஃபோன் அணைந்தது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வேகம். வெள்ளிக்கிழமை பாட்டு வெளிவந்தது. சனிக்கிழமை மரத்தை அகற்றி பஸ் விட்டார்கள். ஆலங்காயத்தில் இறங்கியபோது ரம்யாவின் ஃபோனில் நானூறு செய்திகள். அடுத்த சனிக்கிழமை காலை ஆகிப் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். "இருபத்தி மூணு" என்றார். இங்கிலாந்தின் வாரப் பட்டியலில் பாட்டுக்கு அந்த இடம். அடுத்த வாரம், "ஒன்பது." அதற்கடுத்த வாரம் அவர் எண்ணைச் சொல்லாமல் நான்கு விரலைக் காட்டினார். அங்கே இளவட்டங்கள் ஃபோனை ஒன்றாக உயர்த்திப் பிடித்து, அந்த மூச்சு வரும் இடத்தில் எல்லாரும் சேர்ந்து மூச்சிழுத்து வீடியோ போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகிப் தன் பங்குக்கு வாணியம்பாடியில் வலிமா என்னும் கல்யாண விருந்து ஒன்றின் வீடியோவில் பாட்டைச் சேர்த்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்கு, "இது நம்ம ரம்யா பாட்டு. நாலாவது எடத்துல கீது" என்றார்.

வேலைகள் வந்து குவிந்தன. ரம்யா முதலில் தன் விவரக்குறிப்பைத் திருத்தினாள். ஒரு காதுதான் கேட்கும், இடம் வலம் பார்க்க வேண்டிய வேலையாக இருந்தால் வேறு ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வேன் என்று முதல் வரியிலேயே எழுதினாள். அதைப் பார்த்து இரண்டு பேர் பின்வாங்கினார்கள். முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஆகிப்பின் ஸ்டுடியோவில் பின்னறை அவளுக்கென்று ஆனது. துணைக்கு வாணியம்பாடியிலிருந்து கௌசர் என்ற பெண் சேர்ந்தாள். அவளுக்கு இரண்டு காதும் பிரமாதம். "அக்கா, எடப்பக்கம் கொஞ்சம் கம்மியா கீது" என்று அவள் சொன்னால் ரம்யா மறுபேச்சில்லாமல் கூட்டுவாள்.

பிப்ரவரியில் லோ ஃபெரீஸ் பெங்களூருக்கு வந்தார்கள். ரம்யா, அம்மா, அப்பா மூவருக்கும் அழைப்பு. வாணியம்பாடியில் ரயிலேறிப் போனார்கள். எட்டாயிரம் பேர் கூடியிருந்த மைதானத்தில், மேடைக்கு எதிரே ஒலிக் கருவிகள் வைத்த மேசைக்குப் பக்கத்தில் அவர்களுக்கு இடம். அங்கேயிருந்தவர் ஆளுக்கு இரண்டு ரப்பர் அடைப்பான் கொடுத்து, சத்தம் அதிகமாக இருக்கும், காதில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சைகை காட்டினார். ரம்யா ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஏழாவது பாட்டாக அது வந்தது. தொடங்கியதும் எட்டாயிரம் பேருக்கும் தெரிந்துவிட்டது. கோரஸுக்குமுன் பாடகன் மைக்கிலிருந்து விலகினான். கிதார்கள் நின்றன. ஹேசல் மட்டும் அடித்துக்கொண்டிருந்தாள். கூட்டம் பாடியது. ஒற்றைக் காது மட்டும் கேட்கிறவருக்குச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. ரம்யாவுக்கு அது மேலே, கீழே, எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. அடைப்பானைப் பிடுங்கினாள். அப்பா அசையாமல் நின்றார். அம்மா பாஷை தெரியாமலே, கிதார் இறங்கப்போகும் இடத்துக்கு முன்னால் மகளின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். கிதார் இறங்கியது. ரம்யா கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே கேட்கவில்லை.

முடிந்த பிறகு ஹேசல் வியர்வை வழிய ஓடிவந்து மூவரையும் ஒருசேரக் கட்டிக்கொண்டாள். அடுத்த பாட்டுகளைப் பற்றிப் பேச ஜூனில் மலைக்கே வருகிறேன் என்றாள். ரம்யா அதை அம்மாவுக்குச் சொன்னாள்.

திரும்பும் ரயிலில் பாஞ்சாலைக்கு அதே யோசனை. "ஜூன்ல பலா பழுத்துடும். அது பரவால்ல. காரம் தின்னுமா அந்தப் பொண்ணு?"

"தெரியலம்மா."

"கேட்டுச் சொல்லு. அப்புறம் அந்த டிரம்ஸயும் கொண்டார சொல்லு. மாரியம்மன் திருவிழா வருது."

"நெஜமாவா சொல்ற?"

"பின்ன? வர்றவ சும்மாவா ஒக்காந்திருப்பா?"

ரம்யா அப்போதே ஃபோனை எடுத்து ஹேசலுக்கு எழுதத் தொடங்கினாள்.